ஆய்வுத் தாளில் இருந்த இரண்டு எழுத்துகள்



சென்ற ஆடித் திங்களில் எம் இல்லத்திற்கு ஓர் ஆய்வுத் தாள் வந்து சேர்ந்தது. எம் அத்தையாரின் சிறுநீரை ஆய்வு செய்து கொடுத்த தாள் அது. இடப்புறம் பதினான்கு மருந்துகளின் பெயர்கள். வலப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்து. ஒன்பது மருந்துகளுக்கு எதிரே 'ஆர்' என்றும், ஐந்துக்கு எதிரே 'எஸ்' என்றும் இருந்தன. ரயில்வே அலுவலகத்தில் பார்சல் ஏடுகளோடு நாளெல்லாம் பழகும் எமக்குச் சுருக்கெழுத்துகள் புதியன அல்ல. ஆயினும் இத்தாளின் பொருள் விளங்கவில்லை. 'எஸ்' என்பது 'சரி' என்பதன் குறியாக இருக்கும், ஒன்பது 'ஆர்' வந்திருப்பது ஏதோ அடையாள எண்ணாக இருக்கும் என்று எண்ணித் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம்.

மருத்துவர் தாளைக் கண்டதும் முகம் சுளித்தார். "இதற்கு முன் என்ன மாத்திரை கொடுத்தீர்கள்?" என்பதே அவர் கேட்ட முதல் வினா.

உண்மையை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். அத்தையாருக்குக் குளிர் காய்ச்சலும், நீர்க்கடுப்பும், இடுப்பின் பின்புறத்தே வலியும் வந்தபோது மருந்துக் கடைக்குச் சென்று, "நீர்க்கடுப்புக்கு ஏதேனும் கொடுங்கள்" என்று கேட்டு நான்கு மாத்திரைகள் வாங்கி வந்தவர்கள் வேறு யாருமல்லர், யாமே. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. மூன்றாம் நாள் அத்தையார் மாத்திரையை நிறுத்திவிட்டு, எஞ்சிய ஒன்றைச் சாமி படத்தின் பின்னே பத்திரப்படுத்தினார். பதினைந்து நாள் கழித்துக் காய்ச்சல் மீண்டும் வந்தது. மறுபடியும் கடை, மறுபடியும் வேறு நிறத்தில் நான்கு மாத்திரைகள். இவ்வாறு மூன்று முறை நடந்த பிறகே மருத்துவரிடம் சென்றோம். லேபர் கேம்ப்பில் இத்தகைய கதை இல்லாத வீடு எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நோய் ஏன் வந்தது என்பதும் நம்மவர் அறிந்ததே. "பகல்ல நிறையத் தண்ணி குடியுங்கள் அத்தை" என்று யாம் சொன்னபோது அவர் சொன்ன மறுமொழி: "ஏலே, தண்ணி குடிச்சா போகணும்லா, போகணும்னா வரிசையில நிக்கணும்லா. ராத்திரியில யாரு கூட வருவா?" பொதுக் கழிப்பிடத்தை நம்பி வாழும் தெருக்களில் நம் தாய்மாரும் தங்கையரும் நீரைக் குறைத்துக் குடிப்பதும், வந்த நீரை மணிக்கணக்கில் அடக்குவதும் வழக்கமாகிவிட்டன. அடக்கிய நீரில் கிருமி பெருகுவதற்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடுகிறது. ஈ. கோலை எனப்படும் குடல் கிருமியே சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம். நல்ல உணவும் சூடும் கிடைத்தால் அஃது ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். ஒரு கிருமி தடையின்றிப் பத்து மணி நேரம் பெருகினால் முப்பது முறை இரட்டித்து 107 கோடியைத் தாண்டும். நம்பாதவர் காகிதத்தில் இரட்டித்துப் பார்க்கலாம், யாம் பார்த்தோம்.

அத்தாளின் இரண்டு எழுத்துகளும் எங்ஙனம் பிறக்கின்றன என்று அறியும் ஆவலால், ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் நம்மவர் ஒருவரிடம் கேட்டோம். பிறகு கிடைத்த நூல்களையும் படித்தோம். மெட்ரிகுலேஷனோடு நின்றவர்க்கும் விளங்கக்கூடிய செய்திதான் அது.

நம் இசுலாமிய அன்பர் வீடுகளில் நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சி ஆறவைத்துத் துண்டு போடுவார்கள் அன்றோ? அதே கடற்பாசிச் சத்தில் கிருமிக்கு வேண்டிய உணவைக் கலந்து, மூடியுள்ள வட்டத் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். நோயாளியின் சிறுநீரில் அளந்த ஒரு சிறு துளியை அதன்மேல் இழுக்கிறார்கள். உடற்சூட்டை ஒத்த சூட்டில் ஓர் இரவு வைத்தால், இட்லி மாவு பொங்குவதுபோல் மறுநாள் காலையில் கிருமிகள் புள்ளி புள்ளியாகக் குடியேறியிருக்கும். புள்ளிகளை எண்ணிக் கிருமியின் அளவையும், அதன் நடத்தையைக் கொண்டு அதன் இனத்தையும் அறிகிறார்கள்.

அடுத்த நாள்தான் மருந்துச் சோதனை. தனித்தெடுத்த கிருமியை உப்பு நீரில் ஒரு குறிப்பிட்ட கலங்கலுக்குக் கரைத்து, புதிய தட்டு முழுவதும் பஞ்சினால் சீராகப் பூசுகிறார்கள். அதன்மேல் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வட்டுகளை வைக்கிறார்கள். ஒவ்வொரு வட்டிலும் ஒரு மருந்து, அளந்த அளவில் ஊறியிருக்கும். இரவு முழுவதும் ஒரு பக்கம் கிருமி பெருகுகிறது. மறுபக்கம் மருந்து வட்டிலிருந்து கடற்பாசிக்குள் கசிந்து பரவுகிறது. காலையில் தட்டு முழுவதும் வெண்படலம் படர்ந்திருக்க, வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் இருக்கும். அந்த வட்டத்தை அளவுகோல் கொண்டு அளந்து, அம்மருந்துக்கென வகுத்த எல்லையோடு ஒப்பிட்டு, கிருமி மருந்துக்கு அடங்கும் என்றால் 'எஸ்', எதிர்த்து நிற்கும் என்றால் 'ஆர்' என்று எழுதுகிறார்கள். இம்முறையைப் பாவர், கிர்பி முதலியோர் 1966ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் எளிய ஆய்வுக்கூடங்கள் இதனையே கைக்கொள்கின்றன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெரிய வட்டம் உள்ள மருந்தே வலிய மருந்து என்று எண்ணுவது பிழை. ஒரு மருந்து கடற்பாசியில் விரைந்து பரவும். மற்றொன்று மெல்லப் பரவும். அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு. எம் அண்டை வீட்டார் ஒருவர் தாளைப் பார்த்து, "இதற்குத்தான் மில்லிமீட்டர் கூடுதல், இதையே வாங்குங்கள்" என்று அறிவுரை கூறினார். நல்ல மனத்தோடுதான் கூறினார்.

புதிய மருந்தைச் சோதிக்கும்போது வட்டு மட்டும் போதாது. எத்துணைக் குறைந்த அளவில் அது கிருமியைத் தடுக்கிறது என்று எண்ணாகத் தெரிய வேண்டும். விருந்தினர் எதிர்பாராமல் வந்துவிட்டால் தாய்மார் மோரில் நீர் விளாவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதற்குழாயில் மருந்து முழு அளவு, அதில் பாதியை எடுத்து, சம அளவு கிருமி உணவு நீர் உள்ள இரண்டாம் குழாயில் கலந்தால் மருந்து பாதியாகும், மூன்றாவதில் கால், நான்காவதில் அரைக்கால். எல்லாக் குழாயிலும் ஒரே அளவு கிருமியை இட்டு இரவு வைத்தால், கிருமி பெருகிய குழாய் கலங்கும். அடங்கிய குழாய் தெளிந்திருக்கும். தெளிந்த குழாய்களுள் மிகக் குறைந்த மருந்துள்ளது எதுவோ, அதுவே தடுக்கும் சிற்றளவு. தராசு சரிதானா என்று முத்திரைக் கல்லை வைத்துப் பார்ப்பதுபோல, ஈ. கோலை 25922 என்ற எண்ணுடைய ஒரே கிருமி வகையை உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் பேணி வைத்துத் தம் சோதனையைச் சரிபார்த்துக்கொள்கின்றன. பம்பாயில் அளந்ததும் பெர்லினில் அளந்ததும் ஒத்துப்போக வேண்டுமே!

குழாயில் கிருமி செத்தால் மனிதன் பிழைப்பான் என்று சொல்லிவிட முடியாது. கொதிநீரில்கூடக் கிருமி சாகும். உடலுக்குக் கேடின்றிக் கிருமியை மட்டும் அழிப்பதே அரிது. 1928இல் பிளெமிங் பெனிசிலின் பூஞ்சையின் ஆற்றலைக் கண்டார் என்பது எல்லோரும் அறிந்த கதை. ஆனால் 1940ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் ஃப்ளோரி குழுவினர் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியை ஊசி மூலம் ஏற்றி, நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்த இரவே அது மருந்தான இரவு. மருந்து பெறாத நான்கும் விடியுமுன் மாண்டன. அதே 1940இல்தான், பெனிசிலினை அறுத்தெறியும் ஒரு நொதி கிருமிகளிடம் உண்டு என்பதையும் ஆபிரகாம், செயின் என்னும் இருவர் கண்டு எழுதினர். மருந்து மக்கள் கைக்கு வருமுன்பே அதை வெல்லும் கத்தி கிருமியின் கையில் இருந்தது.

எம் அத்தையாரின் கிருமியும் அத்தகைய கத்தியுடையதே. பெனிசிலினுக்கும் அதன் உறவான செஃப் வகை மருந்துகளுக்கும் உயிர்நிலையாக நான்கு அணுக்கள் கூடிய ஒரு சிறு வளையம் உண்டு. அவ்வளையத்தை நொதி அறுத்துவிட்டால் மருந்து வெறும் நீர். இவற்றுள் பரந்த ஆற்றலுள்ள நொதிகள் இன்று நம் நாட்டு ஈ. கோலைக் கிருமிகளிடையே மலிந்துவிட்டன. இதற்கு மாற்றாகக் கண்டதே துணை மருந்து. ஊரில் கருவேல முண்டில் அரிவாளை ஓங்கிப் போட்டால் அது பதிந்துகொண்டு வெளிவராது அன்றோ? அதுபோலத் துணை மருந்து நொதியின் வாயில் சென்று சிக்கிக்கொள்ளும். அந்நேரத்தில் முதன்மை மருந்து தன் வேலையைச் செய்துவிடும்.

இத்தகைய துணை மருந்து ஒன்று நம் சென்னையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அறிந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. அதன் பெயர் என்மெட்டாசோபாக்டம். ஆர்க்கிட் என்னும் சென்னை மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், முன்னரே வழக்கிலிருந்த டாசோபாக்டம் என்ற பொருளோடு மெத்தில் எனப்படும் மிகச் சிறிய அணுக்கூட்டம் ஒன்றைச் சேர்த்தனர். அச்சிறு மாற்றத்தால் கிருமியின் வெளிச்சுவரைக் கடந்து உட்புகுதல் எளிதாயிற்று. அதனைச் செஃபிபீம் என்னும் பழைய மருந்தோடு இணைத்தனர். சோதனைக் குழாய்களில் என்மெட்டாசோபாக்டத்தின் அளவை ஒரு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று நிலையாக வைத்து, செஃபிபீமை மட்டும் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறார்கள். செஃபிபீம் தனியாக இருந்தால் கலங்கிப்போகும் குழாய்கள், துணை சேர்ந்தால் தெளிந்து நிற்கின்றன. பல நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளை வைத்து இவ்வாறு பார்த்தார்கள். பின் எலிகள், அதன்பின் நலமுள்ள மனிதர்கள், அதற்கும் பின்னரே நோயாளிகள்.

2013இல் ஐரோப்பாவிலுள்ள அல்லெக்ரா என்னும் சிறு நிறுவனம் இம்மருந்தை வளர்க்கும் உரிமையைப் பெற்றது. 2018, 2019 ஆண்டுகளில் பல நாடுகளில், கடும் சிறுநீர்த் தொற்று உடைய 1,041 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும் மற்றதற்கு வழக்கமான பிப்பராசிலின்–டாசோபாக்டமும் கொடுத்தார்கள். எவர்க்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. காய்ச்சல் நீங்கிற்று என்பது மட்டும் வெற்றி ஆகாது. சிறுநீரைத் திரும்பவும் தட்டில் இழுத்துப் பார்த்துக் கிருமி அகன்றதா என்றும் கண்டார்கள். கணக்கில் கொள்ளத்தக்க கிருமி தொடக்கத்தில் இருந்தவர்களுள், புதிய மருந்து பெற்ற 345 பேரில் 273 பேர்க்கு இரண்டும் கைகூடின. அஃதாவது நூற்றுக்கு 79. பழைய மருந்தில் 333 பேரில் 196, நூற்றுக்கு 59. இம்முடிவு 2022இல் வெளியாயிற்று. 2024 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் மருந்து அமைப்பு இதற்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு நம் நாட்டிலும் ஒப்புதல் கிடைத்தது.

சீட்டுக் குலுக்கி நோயாளியைப் பிரிப்பதாவது என்று முகம் சுளிப்பவர்க்கு ஒரு சொல். இம்முறையால் ஏழைகளுக்குப் பெரும் பயன் விளைந்தது சென்னையில்தான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தில், ஏறத்தாழ இருநூறு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்திலும் மறுபாதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில் குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். இருந்தும் இரு சாராரும் ஏறக்குறைய ஒருபோலவே குணமடைந்தனர். வீட்டாருக்குத் தொற்றுவதும் மிகவில்லை. 1959இல் அது வெளிவந்த பிறகே, காசநோயாளியை ஆண்டுக்கணக்கில் குடும்பத்தினின்று பிரிக்க வேண்டியதில்லை என்று உலகம் ஒப்புக்கொண்டது.

புதிய மருந்து வந்துவிட்டது. இனிக் கவலை இல்லை என்று எண்ணலாமா? எண்ண இயலவில்லை. என்மெட்டாசோபாக்டம் எல்லாக் கத்தியையும் மடக்காது. என்.டி.எம். எனப்படும் நொதி நாகத்தைக் கருவியாகக் கொண்டது. அதன் முன் இம்மருந்து நிற்காது. அந்நொதி 2008இல் இந்தியாவிலிருந்து சுவீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் முதலில் காணப்பட்டது. அது நம் நாட்டில் பரவியிருப்பதை 2010இல் உலகிற்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக் கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அந்நொதிக்கு டெல்லியின் பெயர் இட்டது குறித்துப் பெரும் பூசல் எழுந்தது. பூசலில் காட்டிய வேகத்தைக் கழிவு நீரிலும் கைகழுவலிலும் காட்டியிருக்கலாம் என்பது எம் கருத்து. 2012இல் மருத்துவர்கள் சென்னையில் கூடி மருந்துகளைக் காக்கும் திட்டம் ஒன்றை வகுத்தனர். 2014 மார்ச்சு முதல் எச் 1 என்னும் அட்டவணையிலுள்ள மருந்துகளை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனி ஏட்டில் எழுத வேண்டும் என்பது சட்டம். எமக்கு மூன்று முறை மாத்திரை விற்ற கடையில் அத்தகைய ஏடு எதையும் யாம் காணவில்லை, கேட்கவும் இல்லை.

மற்றொரு தொல்லையும் உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை ஒருவர் ஆயுள் முழுவதும் வாங்குவார். கிருமிக்கொல்லியைப் பத்து நாள் வாங்குவார். அதிலும் புதியது என்றால் மருத்துவர் அதைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைப்பார். வைக்கத்தான் வேண்டும். ஆனால் வணிகனுக்கு அதில் ஊதியம் ஏது? அமெரிக்காவில் அக்காஜென் என்னும் நிறுவனம் 2018இல் ஒரு புதிய கிருமிக்கொல்லிக்கு ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டே திவாலாயிற்று. ஆர்க்கிட் நிறுவனமும் கடனில் மூழ்கி, 2020இல் வேறு கைக்கு மாறியது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக மாண்டனர் என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அத்தையாருக்கு வருவோம். 'எஸ்' பெற்ற ஐந்தில் வாயால் உண்ணும் மருந்து ஒன்றே. அது சிறுநீர்ப்பைக்குப் போதும், நோய் சிறுநீரகம் வரை ஏறிவிட்டபோது போதாது என்றார் மருத்துவர். எஞ்சியவை ஊசிகள். பத்து நாள், காலை தோறும், ஆறு மணிக்கு அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று ஊசி போட்டுவந்து, பின் அலுவலகம் ஓடினோம். பத்து நாளில் ஆறு நாள் தாமத வருகை, மேலதிகாரி பெருந்தன்மையாளர். மருந்துச் செலவு எம் ஒரு திங்கள் ஊதியத்தில் கால் பங்கைத் தின்றது. சென்னை மருந்து தேவைப்படவில்லை. அதற்கு முன்னிருந்த வாயிலிலேயே நோய் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னபோதுதான், எவ்வளவு தூரம் சென்று திரும்பியிருக்கிறோம் என்பது எமக்கு விளங்கிற்று.

சிறுநீர் கொடுக்கும் முறையையும் எழுதிவிடுகிறோம். முதன்முறை யாம் அதையும் கெடுத்தோம். கடை மாத்திரையை விழுங்கிய அன்றே வீட்டு ஊறுகாய்ச் சீசாவைக் கழுவி அதில் கொண்டுபோனோம். வளர்ச்சி ஏதும் இல்லை என்று தாள் வந்தது. நோய் இல்லை என்று மகிழ்ந்தோம். கிருமிக்கொல்லி எதையும் தொடங்குமுன்பே கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தார் தரும் மூடியிட்ட புட்டியிலேயே கொடுக்க வேண்டும். கழுவிக்கொண்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததை இரண்டு மணி நேரத்திற்குள் சேர்த்துவிட வேண்டும். புட்டியிலும் கிருமி பெருகுமல்லவா? மருத்துவரிடம் முன் உண்ட மாத்திரைகளின் பெயரைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பெயர் நினைவில்லாவிட்டால் வெற்று அட்டையைக் கொண்டுபோய்க் காட்டலாம். எங்கள் வீட்டில் சாமி படத்தின் பின்னே மூன்று அட்டைகள் கிடைத்தன. ஒன்றில் காலாவதி நாள் கடந்து ஓராண்டு ஆகியிருந்தது.

ஆய்வுத் தாள் இப்போது குடும்ப அட்டையோடு தகரப் பெட்டியில் இருக்கிறது. அத்தையார் காலையில் ஒரு செம்பு நீரும், மாலையில் ஒரு செம்பு நீரும் எம் கண்முன் குடிக்கிறார். இரவில் அவர் எழுந்தால் எம் இல்லத்தார் விளக்கெடுத்துக்கொண்டு துணைக்குச் செல்கிறார்; அவர் ஊருக்குச் சென்றிருந்த வாரம் யாம் தெருமுனை வரை சென்று நின்றோம்.

காசநோய்க்குச் சளியைச் சோதிக்கும் முறை பற்றியும் எழுதுமாறு 90 அடிச் சாலை அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு வகைச் சோதனை. அக்கிருமி ஓர் இரவில் வளர்வதன்று, வாரக்கணக்கு எடுப்பது. வரும் திங்களில் எழுதுவோம்.